பவித்ராவின் படிப்பு

அறந்தாங்கி

அன்புள்ள மல்லிகா,

பிளஸ் டூ முடித்த உன் மகளை எதில் சேர்க்கலாம் என்று கேட்ட கடிதமும் பவித்ராவின் மார்க் ஷீட் நகலும் கிடைத்தன. உயிரியலில் 96! உன்னை மாதிரியே படம் போட்டே மார்க் அள்ளியிருப்பாள். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி, வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட ஆள் வேண்டியிருக்கிறது. பதில் தாமதமானது அதனால்தான்.

வீடு தேடி வந்த அந்தத் தனியார் கல்லூரி அட்மிஷன் ஆளிடம் முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதே. பி.எஸ்சி. பயோடெக்னாலஜி, வருஷத்துக்கு 60,000, ஹாஸ்டல் தனி என்கிறாய். பிள்ளை பிடித்துக் கொடுத்தால் அவருக்குக் கமிஷன். கடனைக் கட்டப்போவது நீங்கள். பள்ளியில் என்னிடம் படித்து பயோடெக் போன பிள்ளைகளில் பலர் இப்போது சென்னையில் மெடிக்கல் கோடிங் பார்க்கிறார்கள். அமெரிக்க நோயாளியின் மருத்துவக் குறிப்பைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டு எண்ணைப் போடுகிற வேலை. இன்ஷூரன்ஸ் பணம் வர அது வேண்டும். வேலையைக் குறை சொல்லவில்லை, மாசம் பிறந்தால் சம்பளம் வருகிறது. ஆனால் அரசுக் கல்லூரியில் சொற்பக் கட்டணத்தில் விலங்கியல் முடித்தவளும் பக்கத்து நாற்காலியில் அதே வேலையைத்தான் பார்க்கிறாள். பிறகு எதற்கு ரெண்டு லட்சம்?

நான் பிள்ளைகளிடம் கேட்கச் சொல்வது ஒன்றுதான்: படித்து முடித்ததும் அந்தத் தொழிலுக்கென்று உள்ள கவுன்சிலில் பெயர் பதிய முடியுமா? நர்சிங், பி.பார்ம் என்கிற மருந்தியல் படிப்பு, கால்நடை மருத்துவம் மூன்றுக்கும் அது உண்டு. அந்தப் பதிவு இல்லாத ஆளை அந்த வேலையில் வைக்க முடியாது. நம்மைப் போன்ற வீடுகளுக்கு அதுதான் பிடிமானம்.

அவள் மார்க்கைக் கணக்குப் போட்டேன். கால்நடைக்கு உயிரியல் அப்படியே 96, இயற்பியல் 88-இல் பாதி 44, வேதியியல் 90-இல் பாதி 45. ஆக 200-க்கு 185. பொதுப் பட்டியலில் கஷ்டம். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவள் இல்லையா, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கட்டாயம் விண்ணப்பம் போடு. கால்நடை, வேளாண்மை, மீன்வளம் மூன்றுக்கும் அந்த ஒதுக்கீடு இருக்கிறது. இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணமும் அரசே கட்டிவிடும். முதல் பட்டதாரிச் சலுகை மட்டும் உனக்குக் கிடையாது. நீதான் என்னோடு உட்கார்ந்து டிகிரி வாங்கித் தொலைத்தாயே!

அது அமையாவிட்டால் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங். நீட் வேண்டாம், பிளஸ் டூ மார்க்தான். சுகமான வேலை என்று சொல்லமாட்டேன். தனியார் ஆஸ்பத்திரியில் ஆரம்பச் சம்பளத்தைக் கேட்டால் உனக்குக் கோபம் வரும். அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் எடுக்கும் எம்.ஆர்.பி. தேர்வில் தேறினாலும் முதலில் தொகுப்பூதியம், நிரந்தரம் ஆக வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஆனால் ரெண்டு வருஷ அனுபவத்தோடு வெளிநாட்டுக்குக் கதவு திறக்கும். அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வழியாகவே ஆள் எடுக்கிறார்கள். ரத்தத்தைப் பார்த்தால் மயங்குவாள் என்றால் பி.பார்ம் கேட்கலாம்.

பாடத்தின் மேல் நிஜமாகவே ஆசை என்றால், நாம் படித்த புதுக்கோட்டை மகளிர் கல்லூரியிலேயே விலங்கியல் சேரட்டும். எம்.எஸ்சி. முடித்து மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறினால் மாதம் 37,000 வரும். அதுவரை ஐந்து வருஷம் வீட்டில் கையைக் கடிக்கும். டீச்சரான என் வழியும் தெரிந்ததுதான்: பி.எஸ்சி. மூணும் எம்.எஸ்சி. ரெண்டும் பி.எட். ரெண்டும் ஏழு வருஷம் படிப்பு, அப்புறம் ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) எப்போது அறிவிப்பு விடும் என்று பார்த்திருப்பது. பவித்ராவின் தங்கச்சி இன்னும் பத்தாவதில் இருக்கும்போது அவ்வளவு நாள் தாங்குவீர்களா, உன் வீட்டுக்கார அண்ணனோடு உட்கார்ந்து பேசு.

எதில் சேர்ந்தாலும் அரசுப் பள்ளிப் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய் மாதாமாதம் அவள் கணக்கில் வரும். பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் அது போதும்.

நீட் ரிப்பீட் பேச்சை இந்த வருஷம் எடுக்காதே. கோச்சிங் பணம் ஒரு பக்கம், பிள்ளை ஒரு வருஷம் வீட்டில் முடங்குவது இன்னொரு பக்கம்.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டையும் இ-சேவையில் உடனே எடு. ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் கையெழுத்து, முத்திரையோடு வாங்கு. நடுவில் பள்ளி மாறியிருந்தால் அங்கேயும் போகவேண்டும். விண்ணப்பத்தை பிரவுசிங் சென்டர் பையனிடம் விட்டுவிடாமல் பவித்ராவையே பூர்த்தி செய்யச் சொல். சந்தேகம் வந்தால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் போன் போடட்டும், அம்மா தூங்கியிருப்பாள்.

உன்,
சாந்தி