பிம்பாவை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் இத்தாலியச் சித்திரக்கதைகள் பற்றி வந்த கட்டுரையை உட்கார்ந்த இடத்திலேயே படித்து முடித்தேன். கௌபாய் கதை நாயகன் டெக்ஸ் வில்லரைத் தமிழில் படித்து வளர்ந்த நமக்கு இத்தாலியச் சித்திரக்கதை என்றாலே குதிரையும் துப்பாக்கியும்தான். கட்டுரையும் அங்கேயே நின்றுவிட்டது. சின்னக் குழந்தைகளுக்காக வரைந்தவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. அல்தானைப் பற்றி நாலு வரியாவது எழுதியிருக்க வேண்டும்.

பிரான்செஸ்கோ துல்லியோ அல்தான் 1942இல் த்ரெவீசோவில் பிறந்தவர். வெனிஸில் கட்டடக்கலை படித்தார். அப்புறம் பிரேசிலுக்குப் போய் ரியோவில் சில ஆண்டுகள் இருந்தார். தன் மகளுக்காக அவர் வரைந்து காட்டிய நாய்க்குட்டிதான் பிம்பா. உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளிகள், தொங்கும் நாக்கு. 1975இல் ‘கொரியரே தெய் பிக்கொலி’ என்ற சிறுவர் இதழில் அவள் கதை வரத் தொடங்கியது. 1908 முதல் வந்துகொண்டிருந்த இதழ் அது. பிம்பாவைப் படித்த பிள்ளைகளின் தாத்தா பாட்டிகளும் அதைப் படித்தே வளர்ந்திருப்பார்கள்.

மிலானில் வேலை பார்க்கும் என் மகன் போன முறை ஊருக்கு வந்தபோது ஒரு பிம்பா புத்தகம் கொண்டுவந்தான். எனக்கு இத்தாலிய மொழி ஒரு சொல்கூடத் தெரியாது. மூன்று வயதுப் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தே கதை சொல்கிறேன். காலையில், தன்னை வளர்க்கும் மீசைக்கார அர்மாந்தோவிடம் சொல்லிக்கொண்டு பிம்பா ஊர் சுற்றக் கிளம்புகிறாள். வழியில் பார்ப்பதெல்லாம் அவளோடு பேசுகிறது, வானத்துச் சூரியன் உட்பட. இருட்டியதும் வீடு திரும்பி, நடந்ததை அர்மாந்தோவிடம் ஒப்பித்துவிட்டுத் தூங்கிப்போகிறாள். வில்லன் கிடையாது, மிரட்டல் கிடையாது. பேத்தி என் கையைத் தள்ளிவிட்டு, சூரியனின் வாயில் விரலை வைத்து, “இது என்ன சொல்லுது ஆச்சி?” என்று கேட்கிறாள். ஒவ்வொரு ராத்திரியும் நான் புதிதாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

இதே மனிதர்தான் சிப்பூத்தி என்ற ஆலைத் தொழிலாளியையும் வரைந்தார். முதலாளிகளையும் அரசியல்வாதிகளையும் ஒற்றை வரியில் குத்திவிடும் பெரியவர்களுக்கான கேலிச்சித்திரம் அது. அவ்வளவு கசப்பை வரைந்த கை பிம்பாவின் உலகத்தில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது இதுதான். இத்தாலிய எழுத்தாளர் ஜான்னி ரோதாரியின் குழந்தைப் புத்தகங்களுக்கும் அவர் படம் வரைந்திருக்கிறார்.

குழந்தைகள் தினச் சிறப்பிதழில் அல்தானுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். பிம்பா படத்தை வண்ணத்திலேயே போடுங்கள். கறுப்பு வெள்ளையில் போட்டால் அந்தப் புள்ளிகளைச் சிவப்பு என்று என் பேத்தி நம்பமாட்டாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காரைக்குடி