நான்கு நாள் தாய்லாந்து: கயலுக்கு

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். நான்கு நாளில் பாங்காக், சியாங் மாய், புக்கெட் மூன்றும் என்றால் பாதி நேரம் விமான நிலையத்தில் போய்விடும். பாங்காக்கும் காஞ்சனபுரியும் போதும். கோயில், அருங்காட்சியகம், அருவி எல்லாம் இந்த ஒரே வழியில் வந்துவிடுகின்றன. புதன்கிழமை தொடங்குகிற மாதிரி வைத்துக்கொள். பாங்காக் தேசிய அருங்காட்சியகம் திங்களும் செவ்வாயும் மூடியிருக்கும். அருவிக்கு சனி, ஞாயிறில் போனால் உள்ளூர்க் கூட்டத்தில் தண்ணீரே தெரியாது.

புதன்: அரண்மனையும் மரகத புத்தர் கோயிலும் ஒரே வளாகம். 500 பாட் சீட்டு. காலை எட்டரைக்குத் திறக்கும்போதே வாசலில் நில். பத்து மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்து குவியும், வெயிலும் ஏறிவிடும். தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். கையில்லாத சட்டைமேல் துப்பட்டா போர்த்தினால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், லெக்கின்ஸையும் திருப்பி அனுப்புவார்கள். தொளதொளவென்ற பருத்தி சல்வார் கமீஸ்தான் சரி. வழியில் யாராவது கனிவாக வந்து, "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு கோயில் காட்டுகிறேன்" என்று மலிவு விலைக்குத் துக்-துக்கில் ஏறச் சொல்வான். நின்று பேசாதே. அந்த வண்டி ரத்தினக் கடையில்தான் போய் நிற்கும்.

மரகத புத்தர் 66 சென்டிமீட்டர் உயரம்தான். பெயர்தான் மரகதம், கல் பச்சை ஜேட். உயரமான பீடத்தில் இருப்பதால் இன்னும் சிறிதாகத் தெரிவார். வெயில், மழை, குளிர் என்று மூன்று பருவத்துக்கு மூன்று பொன்னாடைகள், மாற்றுவது அரசர். உள்ளே படம் எடுக்கக் கூடாது. உட்காரும்போது பாதம் சிலையை நோக்கி நீண்டிருக்கக் கூடாது, காலைப் பின்னால் மடக்கிக்கொள். வாசல்படியை மிதிக்காமல் தாண்டு, இது நம் ஊர்ப் பழக்கமே. பிக்குவிடம் பெண்கள் கைபடப் பொருள் கொடுக்கக் கூடாது. பேருந்தில்கூட அவர் பக்கத்து இருக்கையில் உட்காராதே.

எல்லாரும் புத்தரைப் பார்த்துவிட்டு வெளியே ஓடுகிறார்கள். நீ சுற்றுப் பிராகாரத்துக்குப் போ. அங்கே 178 ஓவியங்களில் ராமகியன், அதாவது அவர்களுடைய ராமாயணம். வடக்கு வாசல் பக்கம் விகான் யோட் மண்டபத்துக்கு எதிரே கதை தொடங்கி வலமாகச் சுற்றி வருகிறது. நடுவில் புகுந்தால் ஒன்றும் புரியாது. பச்சை முகம், அடுக்கடுக்காகத் தலை என்றால் தொட்சகன், நம் தசகண்டன், அதாவது ராவணன். வெள்ளைக் குரங்கு அனுமன். ஆனால் இந்த அனுமன் பிரம்மச்சாரி இல்லை! சேதுவைக் கட்டும்போது கற்களைக் களவாட வரும் கடல்கன்னி சுபன்னமச்சாவைக் காதலிக்கிறான், அவள் தொட்சகனின் மகள். சீதையும் அந்தக் கதையில் தொட்சகனுக்கே பிறந்தவள். கம்பனை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் இரண்டு மணி நேரம் போவதே தெரியாது.

வாட் போ கோயில் அங்கிருந்து நடக்கும் தூரம், 300 பாட். சயனபுத்தர் 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். தூண்கள் மறைப்பதால் முழு உருவம் ஒரே படத்தில் அடங்காது. கால்மாட்டுக்குப் போய் நின்று எடு. உள்ளங்காலில் முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்களும் அங்கேதான். பின்னால் 108 வெண்கலக் கிண்ணங்கள், சில்லறை வாங்கி ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டு போகிறார்கள். முற்றத்தில் பளிங்கில் வெட்டிய மருத்துவ, மசாஜ் வரைபடங்களை விட்டுவிடாதே.

தா தியென் துறையில் 5 பாட் படகு ஏறினால் எதிர்க்கரை வாட் அருண். கோபுரம் முழுக்கச் சீனப் பீங்கான் தட்டு, கிண்ண உடைசல். கிட்டப் போய்ப் பார்த்தால்தான் அழகு. கோயில் மேற்குக் கரையில் இருக்கிறது, அதனால் மாலையில் ஆற்றைப் பார்த்த முகப்பு நிழலாகிவிடும். ஆறு மணிக்குள் இந்தக் கரைக்குத் திரும்பிவிடு. சூரியன் அதன் பின்னால் இறங்குவது இங்கிருந்துதான் தெரியும்.

வியாழன்: தேசிய அருங்காட்சியகம். புதன், வியாழன் காலை ஒன்பதரைக்குத் தன்னார்வலர்கள் ஆங்கிலத்தில் இலவசமாகச் சுற்றிக் காட்டுகிறார்கள், அதில் சேர்ந்துகொள். தனியாகப் போனால் கட்டடம் கட்டடமாக அலைந்து களைத்துவிடுவாய். 1292 என்று ஆண்டு குறித்த ராம்காம்ஹேங் அரசரின் கல்வெட்டு, புத்தைசவான் மண்டபச் சுவரோவியம், அரச இறுதி ஊர்வலத் தேர்கள் ஆகிய மூன்றையும் பார்த்தால் போதும். நேரம் மிஞ்சினால் ராட்சத ஊஞ்சல் பக்கம் பிராமணர் கோயில் இருக்கிறது. அங்கே நடக்கும் திரியம்பாவை, திரிபாவை என்ற சடங்கின் பெயர் நம் திருவெம்பாவை, திருப்பாவை. ஊஞ்சல் ஆடுவதை மட்டும் 1935இல் நிறுத்திவிட்டார்கள்.

பன்னிரண்டரைக்குக் கிளம்பி தா ப்ரா சான் துறையில் படகேறி வாங் லாங் போய், அங்கிருந்து ஒரு துக்-துக்கில் தோன்புரி நிலையத்துக்குப் போய்விடு. காஞ்சனபுரி ரயில் இரண்டு மணிக்குச் சற்று முன் கிளம்பும். பெரிய நிலையத்தில் போய்த் தேடினால் இந்த ரயில் கிடைக்காது. வெளிநாட்டினருக்கு 100 பாட், மூன்றாம் வகுப்பு, இருக்கை எண் கிடையாது, குளிர்சாதனம் கிடையாது. நேரம் அவ்வப்போது ஐந்து பத்து நிமிடம் மாறும், முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்.

வெள்ளி: எரவான் அருவி. ஐராவதம்தான் அங்கே எரவான். ஏழாவது அடுக்கின் பாறை மூன்று தலை யானை போல இருப்பதால் அந்தப் பெயர். காஞ்சனபுரிப் பேருந்து நிலையத்தில் காலை எட்டு மணி வண்டியைப் பிடி, ஒன்றரை மணி நேரம். திரும்பும் கடைசி வண்டி நான்கு மணியளவில், விட்டால் தனி வண்டிக்குக் காசு கொட்ட வேண்டும். நுழைவு 300 பாட். இரண்டாவது அடுக்குக்கு மேல் சாப்பாடு கொண்டுபோக விடமாட்டார்கள், தண்ணீர் பாட்டிலுக்கு முன்பணம் கட்டிவிட்டுத் திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ளலாம். சுண்ணாம்புக் கல் கரைந்து வருவதால் தண்ணீர் நீலப்பச்சையாக இருக்கும். கரைந்த சுண்ணாம்பே மறுபடி படிந்து படிந்துதான் அந்தப் பாறைத் தொட்டிகள் உருவாகின்றன. முதலில் ஏழாவது அடுக்குக்கு ஏறிவிட்டு, இறங்கும்போது குளி. பிற்பகல் மூன்று மணிக்கே மேலடுக்குகளிலிருந்து ஆட்களை இறக்க ஆரம்பிப்பார்கள். மீன்கள் காலைக் கொத்தும். அசையாமல் நின்றால்தான் கொத்தும், உதறிக்கொண்டே இரு. ரப்பர் செருப்பு வேண்டாம், ஐந்தாவது அடுக்குக்கு மேல் வேரும் சேறுமாக வழுக்கும்.

சனிக்கிழமையை மட்டும் அவசரப்படுத்தாதே. காஞ்சனபுரியின் க்வே ஆற்றுப் பாலத்தடியில் படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு அந்த ஊர் விளங்குவதில்லை. முதலில் போர்க் கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய தாய்லாந்து - பர்மா ரயில்வே மையத்துக்குப் போ. பாலத்தருகே பழம்பொருட்களைக் குவித்து வைத்திருக்கும் இன்னொரு அருங்காட்சியகத்தோடு குழப்பிக்கொள்ளாதே. 1942, 43இல் ஜப்பானியர் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்ட கதை அங்கே வரைபடத்தோடு இருக்கிறது. சுமார் 60,000 நேச நாட்டுப் போர்க்கைதிகளில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியக் கூலிகளில் இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்கிறார்கள். அவர்களில் பெருந்தொகையினர் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள். கைதிகளுக்குத் தங்கள் படை மருத்துவர்கள் கூடவே இருந்தார்கள், கொதித்த தண்ணீர்தான் குடிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. தோட்டத்து மக்களுக்கு இரண்டும் இல்லை, காலரா வந்தபோது முகாம் முகாமாகப் போனார்கள். பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் கைதிகளுக்குக் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயரும் வயதும். நம் ஆட்களுக்கு அங்கே ஒரு கல்கூட இல்லை.

பத்தேகாலுக்கு ஓட்டுநரோடு ஒரு கார் பேசி ஹெல்ஃபயர் பாஸ் போ, 80 கிலோமீட்டர். அனுமதி இலவசம், ஒலிக்கருவி தருவார்கள், வாங்கிக்கொள். அந்த ரயில் பாதைக்காகக் கையுளியாலும் சுத்தியலாலும் குடைந்த கணவாய் அது. படிகள் அதிகம், ஏறி வர மூச்சு வாங்கும். இரண்டரைக்குள் வெளியே வந்து, காரை 'நாம் தோக்' என்ற ரயில் நிலையத்தில் விடச் சொல். மாலை ரயில் மூன்றரை வாக்கில். போகும்போது கார், வரும்போது ரயில் என்று வைத்தால்தான் கணவாயும் கிடைக்கும், ரயிலும் கிடைக்கும். வலப்பக்க ஜன்னலில் உட்கார். தாம் க்ராசேயில் மலையை ஒட்டிய மரப்பாலத்தில் வண்டி ஊர்ந்து போகும், ஆறு முழுவதும் அந்தப் பக்கம். கையை வெளியே நீட்டாதே, மறுபக்கம் பாறை உரசுகிற தூரத்தில் வரும். கடைசியில் க்வே பாலம். வளைந்த இரும்புச் சட்டங்கள் பழையவை, நேர்கோட்டுச் சட்டங்கள் இரண்டும் குண்டு விழுந்து போருக்குப் பின் மாற்றியவை.

ஒன்று விட்டுப்போச்சு. புத்தர் சிலை எதுவும் வாங்கி வராதே, அனுமதிக் கடிதம் இல்லாமல் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். அம்மாவுக்குப் பருத்திப் புடவை மாதிரி ஏதாவது போதுமாம்.

அன்புடன்,
அப்பா