வாசகர், நற்கருணைப் பணியாளர், பீடச்சிறார் குழு: செயலர் ஆண்டறிக்கை 2024–2025

இயேசுவுக்குப் புகழ்! மரியே வாழ்க!

அன்புக்குரிய பங்குத்தந்தை அவர்களே, அருள்சகோதரிகளே, பங்குப் பேரவையினரே, குழுவின் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். 2024 டிசம்பர் 1, திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு தொடங்கி 2025 நவம்பர் 23, கிறிஸ்து அரசர் பெருவிழா வரை, திருப்பலியில் இறைவார்த்தையை வாசிக்கும் வாசகர்கள், நோயாளருக்கு நற்கருணை கொண்டுசெல்லும் பணியாளர்கள், பீடத்தில் குருவுக்கு உதவும் சிறார் ஆகியோர் செய்த பணிகளை இந்த அறிக்கை சொல்கிறது. மூன்றாண்டு வாசகச் சுழற்சியில் இது மூன்றாம் ஆண்டு. லூக்கா நற்செய்தி வாசிக்கப்பட்ட ஆண்டு.

முதல் மணி அடித்த பிறகு முன்வரிசையில் இருப்பவரைக் கூப்பிட்டு, "இன்னைக்கு நீங்க வாசிச்சிடுங்க" என்று புத்தகத்தைக் கையில் கொடுக்கும் வழக்கத்தை இந்த ஆண்டு அடியோடு நிறுத்தினோம். வாசகர் பணி திருமுழுக்கிலிருந்து பிறக்கும் அழைப்பு. 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வாசகர், பீடத்துணைவர் (பீடத்தில் குருவுக்கு உதவுபவர்) ஆகிய இரண்டையும் பொதுநிலை ஆண்களுக்கு உரிய பணிகளாக்கினார். 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் திருச்சபைச் சட்டம் 230-ஐத் திருத்தி, பெண்களுக்கும் அவற்றைத் திறந்துவிட்டார். நம் பங்கின் வாசகர்கள் ஆயரால் நிலையாக ஏற்படுத்தப்பட்டவர்கள் அல்லர். அதே சட்டத்தின் இரண்டாம் பிரிவின்படி குறிப்பிட்ட காலத்துக்கு அமர்த்தப்பட்டவர்கள். அதனால் அவர்களின் பொறுப்பு குறைந்துவிடாது. பட்டியலை ஒரு மாதம் முன்பே ஒட்டினோம். வர இயலாதவர் தமக்கு மாற்றாக ஒருவரைத் தாமே ஏற்பாடு செய்து, வெள்ளி மாலைக்குள் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்ல வேண்டும் என்றும் முடிவெடுத்தோம். ஜனவரி 26, இறைவார்த்தை ஞாயிறன்று வாசகர்கள் அனைவரும் பீடத்தின் முன் நின்று தங்கள் பணியைப் புதுப்பித்துக்கொண்டார்கள்.

வாசிப்புப் பயிற்சியில் மூன்று பிழைகள் திரும்பத் திரும்பத் தென்பட்டன. முதலாவது உச்சரிப்பு. "வாழ்வை அளித்தார்" என்பதை "அழித்தார்" என்று வாசித்தால் இறைவார்த்தையே தலைகீழாகிவிடும். "பழி", "பலி" இரண்டும் அப்படித்தான். நாவில் பழகும்வரை வீட்டில் வாய்விட்டு வாசிக்க வேண்டும். கண்ணால் மட்டும் படித்துவிட்டு வந்தால் போதாது. இரண்டாவது மூச்சு. தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும். பவுலின் திருமுகங்களில் ஒரு வாக்கியம் ஐந்தாறு வரி நீளும். வினைக்கு முன்பே மூச்சு தீர்ந்து குரல் இறங்கினால் யார் என்ன செய்தார் என்பதே மக்களுக்கு எட்டாது. எங்கே நிறுத்துவது என்பதை முந்தின நாளே பென்சிலால் தாளில் குறித்துக்கொள்ளுங்கள், வாசக நூலில் வேண்டாம். மூன்றாவது, சிவப்பு எழுத்தில் உள்ள குறிப்பையும் அதிகார, வசன எண்களையும் சேர்த்து வாசிப்பது. "...எழுதிய திருமுகத்திலிருந்து வாசகம்" என்று தொடங்கினால் போதும். வாசகம் முடிந்ததும் ஒரு மூச்சு விட்டு, அதன்பின் "ஆண்டவரின் அருள்வாக்கு" என்று சொல்ல வேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் அதுவும் வாசகத்தின் கடைசி வரிபோல ஒலிக்கிறது. பெந்தக்கோஸ்து வாசகத்தில் வரும் பிரிகியா, பம்பிலியா, கப்பதோக்கியா போன்ற பெயர்களுக்குத் தனியாக ஒரு மாலை ஒதுக்கினோம். அது வீண்போகவில்லை.

இந்த ஆண்டின் நாள்காட்டியில் ஒரு சிக்கலும் இருந்தது. ஜூன் 29 பேதுரு பவுல், செப்டம்பர் 14 திருச்சிலுவை மகிமை, நவம்பர் 2 இறந்தோர் நினைவு, நவம்பர் 9 இலாத்தரன் பேராலய நேர்ந்தளிப்பு என நான்கும் ஞாயிறிலேயே விழுந்தன. அந்நாள்களின் வாசகங்கள் பொதுக்கால ஞாயிறுகளின் வரிசையில் இருக்காது. புனிதர் விழாக்களின் பகுதியில் தேட வேண்டும். கடந்த வாரத்துக்கு அடுத்த பக்கத்தைத் திருப்பி வைத்தால் தவறான வாசகம்தான் கிடைக்கும். இப்போது சனி மாலைத் திருப்பலிக்கு முன்பே வாசகரும், கோயில் பொருள்களைக் கவனிக்கும் கோயில்பிள்ளையும் சேர்ந்து பக்கத்தைச் சரிபார்த்து நாடாவை வைக்கிறார்கள்.

உயிர்ப்புப் பெருவிழாவின் முந்தின இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பில் பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு. தேவையானால் மூன்றாகக் குறைக்கலாம், ஆனால் இஸ்ரயேலர் கடலைக் கடந்ததைச் சொல்லும் விடுதலைப் பயணம் 14-ஆம் அதிகாரத்தை ஒருபோதும் விடக்கூடாது. நாங்கள் ஏழையும் வாசித்தோம். ஏழு வாசகங்களுக்கு ஏழு வாசகர்கள். பாஸ்காவுக்கு மறுநாள், ஏப்ரல் 21 அன்று, திருத்தந்தை பிரான்சிஸ் இறைவனடி சேர்ந்தார். மே 8-இல் பதினான்காம் லியோ தேர்ந்தெடுக்கப்படும்வரை நற்கருணை மன்றாட்டில் திருத்தந்தையின் பெயர் சொல்லப்படவில்லை. ஏற்கெனவே எழுதி வைத்திருந்த விசுவாசிகள் மன்றாட்டுத் தாள்களையும் அதற்கேற்பத் திருத்தினோம்.

நற்கருணைப் பணியாளர்கள் மாதத்தின் முதல் வெள்ளிதோறும் நோயாளர் இல்லங்களுக்குச் சென்றார்கள். வீட்டார் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: வெள்ளைத் துணி விரித்த சிறு மேசை, பாடுபட்ட சுரூபம், இரண்டு மெழுகுவர்த்தி, ஒரு தம்ளர் தண்ணீர், தொலைக்காட்சி அணைக்கப்பட்டிருத்தல். பணியாளர் நற்கருணை வைத்த சிமிழுடன் நேராகச் செல்ல வேண்டும். வழியில் கடையில் நிற்பதோ, கைப்பேசியில் பேசுவதோ வேண்டாம். நோயாளருக்கும் முதியோருக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் நற்கருணை பெறுமுன் கடைப்பிடிக்கும் ஒரு மணி நேர நோன்பு கட்டாயமில்லை. இது தெரியாமல் மருந்தோடு கஞ்சி குடித்துவிட்டோமே என்று நற்கருணையைத் தவிர்த்தவர்கள் உண்டு. விழுங்கச் சிரமப்படுவோருக்குச் சிறு துண்டைக் கொடுத்து உடனே தண்ணீர் கொடுக்கலாம். அதுவும் இயலாதென்றால் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். திராட்சை இரச வடிவில், திருஇரத்தமாக மட்டும் வழங்க வழியுண்டு. காலிச் சிமிழை வீட்டுக்கு எடுத்துச் சென்று கழுவக்கூடாது. நற்கருணைப் பேழையருகே வைத்துவிட வேண்டும். இன்னொன்றை வருத்தத்தோடு சொல்கிறேன். எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதலுக்குச் சாமியாரைக் கூப்பிட்டால் நோயாளர் பயந்துவிடுவார் என்று கடைசி மூச்சுவரை காத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அது கடும் நோயுற்றோருக்கான அருள்சாதனம். நினைவோடு இருக்கும்போதே பெற்றால் அவரும் சேர்ந்து செபிக்கலாம். வீடு சந்திக்கும் பணியாளரே இதை முதலில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

பீடச்சிறார் பயிற்சி சனிக்கிழமைகளில் நடந்தது. தூபக்கலசம் புகையாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம்தான். சிரட்டைக் கரியைத் திருப்பலிக்கு இருபது நிமிடம் முன்பே பற்றவைத்து, மேலே சாம்பல் பூக்கும்வரை விட வேண்டும். சாம்பிராணித் தூளை அள்ளிக் கொட்டினால் கனல் அணைந்துவிடும். நற்செய்தி நூலுக்கு மும்முறையும், புனிதர் சுரூபத்துக்கு இருமுறையும் தூபம் காட்ட வேண்டும் என்பது இப்போது சிறுவர்களுக்கு மனப்பாடம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

நவம்பர் 30 முதல் மத்தேயு ஆண்டு. தவக்காலத்தின் 3, 4, 5-ஆம் ஞாயிறுகளில், அதாவது 2026 மார்ச் 8, 15, 22 தேதிகளில், யோவான் நற்செய்தியின் சமாரியப் பெண், பார்வையற்றவர், இலாசர் பகுதிகள் வருகின்றன, மூன்றும் நீளமானவை. இயேசுவின் துன்பத்தையும் இறப்பையும் சொல்லும் திருப்பாடுகளைப் பலர் பிரித்து வாசிக்க உரையாளர், மற்றவர்கள் ஆகிய பகுதிகளுக்கு ஆள் தேவை. இயேசுவின் பகுதியைப் பங்குத்தந்தை எடுத்துக்கொள்வார். முன்பு சாமியார் வர இயலாத ஊர்களில் செபம் சொல்லி, மறைக்கல்வி கற்பித்து, இறந்தோரை அடக்கமும் செய்து சபையைக் காத்தவர்கள் உபதேசியார்கள். அந்த வீடுகளின் பேரப்பிள்ளைகள் நம் பங்கில் இருக்கிறார்கள். அவர்கள் முன்வந்தால் மனமகிழ்வோம். விருப்பமுள்ளோர் ஜனவரி முதல் ஞாயிறுக்குள் பெயர் கொடுக்கவும். பயிற்சி, சனி மாலை செபமாலை முடிந்ததும் கோயிலுக்குள்ளேயே, ஒலிபெருக்கி வைத்து நடைபெறும்.