மேட்டில் மூச்சு வாங்கும் கார்

ஹட்டன்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பின் மச்சான்,

மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகம் கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அம்மா உன் கடிதத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மழை விடவில்லை, மற்றபடி சுகம்.

சரி, கார் விஷயம். பெட்டி படுக்கையோடு நாலு பேர் கம்பளையிலிருந்து ஏறினால் றம்பொடை வளைவுகளில் திணறுகிறது, டர்போ பூட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். ஆசையில் பிழையே இல்லை. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். தானாக இழுக்கும் காற்றை நம்பி ஓடும் எஞ்சின், வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழந்துவிடும். சைலன்சரில் வீணாகப் போகிற புகையாலேயே சுழன்று, அந்தக் காற்றை அமுக்கித் திருப்பிக் கொடுப்பதுதான் டர்போ. 1918இல் அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மொஸ் என்பவர் ஒரு விமான எஞ்சினை 4300 மீற்றர் உயரமான பைக்ஸ் பீக் உச்சிக்குக் கொண்டுபோய், தரையில் இருந்த பலத்தை டர்போவால் அங்கேயும் எடுத்துக் காட்டினார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

கணக்குப் பார். நுவரெலியாவில் டர்போவால் 0.2 பார் காற்றழுத்தம் கூட்டினால் உன் எஞ்சின் கடற்கரையில் ஓடுவதுபோல ஓடும், அவ்வளவுதான். ஆனால் டர்போவின் அழுத்தம் எல்லை மீறாமல் புகையை வேறு வழியில் திறந்துவிடும் வேஸ்ட்கேட் வால்வின் ஸ்பிரிங்குக்கு உயரம் தெரியாது. வெளிக்காற்றுக்கு மேல் இவ்வளவு என்றுதான் அது அளக்கும். நீ கொழும்புக்கு இறங்கினால் அதே 0.2, முழுக் காற்றின் மேல் ஏறி உட்காரும். உன் எஞ்சினின் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் விகிதம், பத்துக்குக் கிட்ட. 92 ஒக்டேன் பெற்றோலில், கீழ்நாட்டு வெக்கையில், பெற்றோல் கலவை சூட்டில் தானாகவே வெடித்து நொக் அடிக்கத் தொடங்கும்.

அந்தச் சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன். என் பழைய காருக்கு டர்போ பூட்டிய கதையை உனக்கு முழுதாய்ச் சொன்னதில்லை. கினிகத்தேனை ஏற்றம், இரண்டாம் கியர், முன்னால் கொழுந்து லொறி. வேகம் இல்லாததால், டர்போ அமுக்கிய சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குக் காற்றுப் படவில்லை; எஞ்சினோ முழுப் பாரத்தில். தகர டின்னில் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்கினது போல ஒரு சத்தம். நான் காலை எடுப்பதற்குள் மூன்றாவது சிலிண்டரின் பிஸ்டன், ரிங் பதியும் காடியோடு உடைந்துவிட்டது. பூட்டியவர் காற்றைக் கூட்டினார், அதற்கேற்ற பெற்றோலைக் கூட்டவில்லை. பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரும், அதன் அளவைச் சொல்லும் கணினியும் பழையபடியே இருந்தன. நேர் ரோட்டில் பத்து விநாடி மிதித்துப் பார்த்து நல்லது என்றார்கள். நம் ஊர் ஏற்றம் அரை மணி நேரம் விடாமல் சோதிக்கும், மச்சான்.

அதனால் இப்போதைக்குப் பூட்டாதே. முதலில் கம்ப்ரெஷன் டெஸ்ட் செய், கிளட்ச் வழுக்குகிறதா, எயார் ஃபில்டரும் சைலன்சரும் அடைத்திருக்கிறதா என்று பார். பாதித் திணறல் அங்கேதான் இருக்கும். அதற்குப் பிறகும் ஆசை போகாவிட்டால், கம்ப்ரெஷன் குறைத்து டர்போவோடேயே செய்த எஞ்சினைக் கணினியோடு மாற்றுவோம். அப்போதும் ஏறி வந்து தேத்தண்ணிக்கு நிறுத்தினால் உடனே சாவியைத் திருப்பாதே. இரண்டு நிமிஷம் சும்மா ஓடவிடு, இல்லாவிட்டால் டர்போவின் பெயாரிங்கில் ஒயில் கருகிவிடும்.

அடுத்த போயாவுக்கு வருகிறேன். கம்ப்ரெஷன் கேஜைக் கையோடு கொண்டு வருகிறேன். ஸ்பார்க் பிளக் சாவி மட்டும் நீ தேடி வை.

அன்புடன்,
உன் மச்சான்