மார்லீஸ் பிள்ளைகளுக்குப் பத்து ஆட்டம் கொடுங்கள்

ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் ஹொக்கி அணியின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். இந்த மடலை உங்களுக்கு வாசித்துக்காட்ட ஒரு தமிழர் தேவைப்படுவார். ஸ்காபுறோவில் எந்தக் கதவைத் தட்டினாலும் ஒருவர் கிடைப்பார். பெரும்பாலும் அவரும் உங்கள் அணியால் மனம் நொந்தவராகவே இருப்பார்.

உங்கள் ஆட்டத்துக்கு நாங்கள் நான்கு பேர் டிக்கெட் வாங்கினால் அந்த மாதத்து மளிகைக் கணக்கைத் திருத்தி எழுத வேண்டும். ஆகவே நாங்கள் போவது உங்கள் கீழணியான மார்லீஸின் ஆட்டங்களுக்கு. ரயிலில் யூனியன் நிலையத்தைத் தாண்டி அடுத்த நிறுத்தத்தில் இறங்கினால் அவர்களின் அரங்கமான கொலிசியம். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தால், பனியில் கத்தி கீறுகிற சத்தம் வரைக்கும் கேட்கும்.

கடந்த பனிக்காலத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல். இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பின்கள வீரர், தன் கோலுக்குப் பின்னால் பக்கை, அதாவது அந்த வட்டுப் பந்தை, எடுக்கப் போனார். எதிரணியினர் இருவர் பாய்ந்து வந்தார்கள். பதறிப்போய்ப் பலகையோரமாக அடித்துவிட்டார். அது நேரே எதிரியிடம் போனது, கோல் விழுந்தது. பயிற்றுநர் அவரைப் பெஞ்சில் உட்கார்த்தி வைக்கவில்லை, அடுத்த சுற்றிலேயே அனுப்பினார். மறுபடியும் தடுமாற்றம். மூன்றாம் முறை பக்கைத் தொடுவதற்கு முன்பே அவர் தோளுக்கு மேலால் ஒருமுறை திரும்பிப் பார்த்தார், இடுப்பை ஒருபக்கம் அசைத்து ஏமாற்றினார், நடுவில் நின்றவருக்குச் சாவகாசமாகத் தள்ளிவிட்டார். பொப்கோர்ன் வாயோடு என் மகன் சொன்னான்: “அப்பா, அவர் பழகிவிட்டார்.”

கீழணி இருப்பது அதற்குத்தான். அங்கே பிழைவிட அனுமதி உண்டு. அங்கிருந்து உங்கள் அரங்கம் நான்கு கிலோமீற்றர்கூட இல்லை. ஆனால் அந்தப் பிள்ளையை மேலே அழைத்தால் நடப்பது என்ன? மிகக் குறைந்த நேரமே ஆடக் கிடைக்கும் நான்காவது ஆட்ட வரிசையில் ஆறு நிமிடம், ஒரு பிழை, அடுத்த நாள் பையைக் கட்டிக்கொண்டு பழைய இடத்துக்கே. இதைத்தான் நீங்கள் ‘வாய்ப்பு’ என்கிறீர்கள்.

சம்பள உச்சவரம்பு உள்ள லீக் இது. நான்கு நட்சத்திரங்களுக்கு ஏறத்தாழப் பாதிப் பணத்தைப் பல ஆண்டுகள் கொடுத்தீர்கள். மீதிப் பணத்தில் பத்தொன்பது பேரை நிறுத்த வேண்டுமென்றால், குறைந்த சம்பளத்தில் நன்றாக ஆடும் இளையவர்கள் கீழிருந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். நீங்களோ விதைநெல்லைக் குத்திச் சமைத்தீர்கள். 2019, 2020, 2021, 2023, 2025, 2026, 2027: இளம் வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் ஆண்டுத் தெரிவில், இத்தனை ஆண்டுகளின் முதற்சுற்று உரிமைகளையும் ஏதோ ஒரு பேரத்தில் வைத்தீர்கள். 2020ஆம் ஆண்டினதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. வயதேறிய ஒரு வீரரின் சம்பளத்தைத் தலைமுழுக அதைக் கரோலைனா அணியிடம் கொடுத்தீர்கள். அவர்கள் அதில் எடுத்தவர் செத் ஜார்விஸ். பிறகு ஒரே பருவத்தில் முப்பது கோலுக்கு மேல் அடித்தவர், அதுவும் 2023-24, 2024-25 என்று அடுத்தடுத்து.

விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2019இல் பின்கள வீரர் ஜேக் மசினை வாங்கியது நல்ல வேலை. அதற்குக் கொடுத்த விலையும் நியாயம். என்னை உறுத்துவது வேறு: உங்கள் கையில் இருப்பவரின் மதிப்பு உங்களுக்கே தெரியாமல் போவது. 2018 ஜூனில் மார்லீஸ், கீழணிகளின் லீக்கில் உச்சப் பரிசான கால்டர் கிண்ணத்தை வென்றது. ஏழாவது ஆட்டத்தில் டெக்சாஸை 6-1 என்று வீழ்த்தியது. வென்ற அந்த மார்லீஸ் அணியில் இருந்த மேசன் மார்ச்மென்டை 2020 பெப்ரவரியில் புளோரிடாவுக்குக் கொடுத்து டெனிஸ் மால்கினை வாங்கினீர்கள். இரண்டு ஆண்டு கழித்து மார்ச்மென்ட் 54 ஆட்டங்களில் 47 புள்ளி (கோலும் கோலுக்குக் கொடுத்த உதவியும் சேர்த்து) எடுத்தார். 2020இன் அதே பெப்ரவரியில் லொஸ் ஏஞ்சலிஸுக்கு அனுப்பிய ட்ரெவர் மூர், 2023-24இல் 31 கோல் போட்டார். அதற்கும் முன்பே, 2015இல், ஐவரைக் கட்டாகக் கட்டி நியூயோர்க் ஐலன்டர்ஸுக்குக் கொடுத்தீர்களே, அந்தக் கட்டில் ஒருவர் கார்ட்டர் வெர்ஹேகி. இன்று அவர் பெயர், உங்கள் லீக்கில் வெல்லும் அணிக்குக் கிடைக்கும் ஸ்டான்லி கிண்ணத்தில் மூன்று முறை இருக்கிறது. 2025 மே மாதம், உங்கள் சொந்த அரங்கில், ஏழாவது ஆட்டத்தில் உங்களை வெளியேற்றிய புளோரிடா அணியில் அவரும் இருந்தார். எண்ணிக்கை அதே 6-1. 1967க்குப் பிறகு கிண்ணம் காணாத ஊரில் இப்படியான கணக்குகள்தான் மனப்பாடமாகின்றன.

பொபி மக்மேனை நினைத்துப் பாருங்கள். எந்த அணியும் தெரிவு செய்யாதவர், மார்லீஸுக்கும் கீழே விச்சிட்டாவில் ஆடிவிட்டு வந்தவர். 2024 பெப்ரவரி 13 அன்று அவர் ஆடுவதாகவே இல்லை. உங்கள் நட்சத்திர வீரர் டவாரஸுக்குச் சுகமில்லாமல் போனதால் உள்ளே வந்தார், சென். லூயிஸுக்கு எதிராக மூன்று கோல். அடுத்த பருவத்தில் 20. ஒருவருக்குக் காய்ச்சல் வந்திருக்காவிட்டால்? அலெக்ஸ் ஸ்டீவ்ஸுக்காக ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. 2024-25இல் மார்லீஸுக்கு 36 கோல் அடித்தவர், மேலணியில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்களே ஆடினார். கோடையில் பொஸ்டனுக்குப் போய்விட்டார். போகாமல் என்ன செய்வார்?

கோல்காப்பாளர்கள் விஷயத்தில் மட்டும் உங்களுக்குப் பொறுமை இருக்கிறது. ஜோசப் வோலை 2016இல் எடுத்தீர்கள்; 2021இல்தான் முதல் ஆட்டம் கொடுத்தீர்கள். 2025இல் புளோரிடாவுக்கு எதிரான அந்தத் தொடரில் முதற் கோல்காப்பாளர் ஸ்டோலார்ஸ் காயப்பட்டபோது மீதி ஆட்டங்களை வோல்தான் தாங்கினார். அந்தப் பொறுமையை முன்கள வீரர்களிடம் காட்ட என்ன தடை?

கேட்பது ஒன்றுதான். 23 பேர் பட்டியலில் ஓர் இடத்தை மார்லீஸிலிருந்து வருபவருக்கென்று ஒதுக்குங்கள். வந்தவருக்குத் தொடர்ந்து பத்து ஆட்டம், அவர் கீழே ஆடிய அதே பாத்திரத்தில். கோலடிப்பவரை நான்காவது வரிசையில் முட்டி மோத விடாதீர்கள். பத்து ஆட்டம் முடிந்தபின் விற்பதோ வைத்திருப்பதோ உங்கள் விருப்பம். பண்டத்தின் விலையாவது தெரிந்திருக்கும்.

இன்னொரு சின்ன விஷயம். அந்தப் பின்கள வீரரின் பெயரைத் தன் சட்டை முதுகில் தைத்துத் தரும்படி மகன் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவரை இந்தக் கோடைக்குள் விற்பதாக உத்தேசமிருந்தால் முன்கூட்டியே ஒரு சொல் சொல்லிவிடுங்கள். எழுத்துத் தைக்கிற கூலி கொஞ்சமல்ல.

இப்படிக்கு,
கொலிசியத்தின் இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு தகப்பன்