மாத்திரை போட்டதும் வந்த காய்ச்சல்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த யானைக்கால் நோய்க் கட்டுரையில் 'ரத்தத்தில் புழு பெருகப் பெருகக் கால் வீங்கும்' என்று ஒரு வரி. கும்பகோணம் பக்கம் லேப் டெக்னீஷியனாக இருந்து, வருஷக்கணக்கில் ராத்திரி ரத்தம் எடுத்தவன் நான். பார்த்தது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு.

இந்தப் புழுவின் குஞ்சுகள் ராத்திரியில்தான் தோலோர ரத்தத்துக்கு வரும். கியூலெக்ஸ் கொசு கடிக்கிற நேரமும் அதுதான். அதனால் எட்டு மணிக்கு மேல் டார்ச்சும் ஸ்லைடு பெட்டியுமாகத் தெருவில் இறங்குவோம். ஒருமுறை கபடி ஆடும் பையன் ஒருவனின் ஸ்லைடில் எண்ணி மாளாத அளவுக்குக் குஞ்சுகள். காலில் ஒரு குறையும் இல்லை. அதே தெருவில், வருஷக்கணக்காக வீங்கிய காலோடு திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மாவின் ஸ்லைடில் ஒன்றுகூட இல்லை.

காரணம் உடம்புக்குள் ஓடும் சைட்டோகைன்கள். எதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் சேதிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையனைப் போன்றவர்களிடம் 'சண்டை வேண்டாம்' என்று அடக்கும் இன்டர்லூக்கின்-10 தூக்கலாக இருக்கும். புழுவுக்கும் உடம்புக்கும் ஒரு சமரசம். வீக்கம் கண்டவர்களிடமோ அழற்சியை மூட்டும் இன்டர்ஃபெரான்-காமா, இன்டர்லூக்கின்-17 போன்றவை ஓங்கியிருக்கும். புழு குடியிருந்தாலே நிணநாளம், அதாவது நிணநீர் ஓடும் குழாய், தளர்ந்து விரியும் என்பது உண்மைதான். ஆனால் காலைக் கல்லாக்குவதில் இந்த ஓயாத சண்டைக்குப் பெரிய பங்கு. சென்னை சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில், அமெரிக்க விஞ்ஞானிகளோடு சேர்ந்து, நம் ஊர் நோயாளிகளின் ரத்தத்திலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள்.

மாத்திரை கொடுக்கப் போனால் நாங்கள் வாங்கிய ஏச்சுக்கும் இதிலேதான் பதில். 'நல்லா இருந்த பிள்ளைக்கு மாத்திரையைக் கொடுத்துக் காய்ச்சலை வரவெச்சுட்டீங்களே' என்று வாசலில் வந்து நிற்பார்கள். டி.இ.சி. என்ற யானைக்கால் புழு மாத்திரை போட்டதும் குஞ்சுகள் கூட்டமாகச் சாகும். அவற்றுக்குள் வாழும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவும் சேர்ந்து ரத்தத்தில் கொட்டும். உடனே அழற்சியை மூட்டும் இன்னொரு சேதியான இன்டர்லூக்கின்-6 எகிறும். காய்ச்சல், தலைவலி, உடம்புவலி. புழு அதிகம் இருந்தவருக்கே இது அதிகம். ஓரிரு நாளில் அடங்கிவிடும். இதை வாசலில் நின்று புரியவைக்க அன்று எனக்குத் தெரியவில்லை. 'சரியாயிடும்மா' என்பதோடு சரி.

இன்னொன்றையும் கட்டுரை விட்டுவிட்டது. வீங்கிய காலில் அடிக்கடி நெறிகட்டிக் காய்ச்சல் வருவதற்குப் பெரும்பாலும் விரலிடுக்குப் புண்வழியே நுழையும் பாக்டீரியாதான் காரணம். ஒவ்வொரு காய்ச்சலிலும் அழற்சி மறுபடி மூண்டு, வீக்கம் ஒரு படி ஏறும். தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரம் போகத் துடைத்து, காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தாலே காய்ச்சல் வருவது நன்றாகக் குறையும். செலவு ஒரு சோப்புக்கட்டி.

அந்த அம்மா வீட்டுத் திண்ணையில் அக்கம்பக்கத்தார் உட்கார மாட்டார்கள், ஒட்டிக்கொள்ளுமாம். கபடிப் பையனைத் தோளில் தூக்கிவைத்து ஆடினார்கள். கொசு புழுவை எடுத்துப்போனது அவனிடமிருந்துதான். அடுத்த இதழில் அந்த ஒரு வரியைத் திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
கும்பகோணம்.