சனிக்கிழமை சம்பளச் சீட்டிலிருந்து எண்ணுங்கள்: திருப்பூர் மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேயர், ஆணையர், அறுபது வார்டு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஊரெங்கும் ஒரே கேள்வி: எத்தனை பேருக்கு வேலை போகும்? ஆளுக்கொரு எண் சொன்னார்கள். போன வருடம் இந்த வார்டில் இத்தனை பேர், இந்த வருடம் இத்தனை பேர் என்று எடுத்துக்காட்ட ஓர் ஏடு வேண்டும். டொராண்டோ மாநகராட்சி 1983 முதல் ஆண்டுதோறும் தன் எல்லைக்குள் உள்ள தொழிலிடங்களில் ஆள் கணக்கு எடுத்துவருகிறது. அதேபோல் நீங்களும் நம் ஊரில் ஆண்டுதோறும் ஆள் கணக்கு எடுங்கள் என்று கேட்கவே இந்த மடல். நம் நாட்டுப் பொருளாதாரக் கணக்கெடுப்புக்குக் காத்திருந்து பயனில்லை. ஆறாவது 2013-14இல் நடந்தது; 2019இல் தொடங்கிய ஏழாவதன் முடிவே வெளிவரவில்லை.

முதல் வேலை பட்டியல். சொத்து வரி ஏடு, தொழில் உரிமம், தொழில் வரிக் கணக்கு மூன்றும் உங்களிடமே இருக்கின்றன. மூன்றும் போதாது. ஒரே வரிவிதிப்பு எண்ணுள்ள கட்டடத்தில் கீழே நிட்டிங் (துணி பின்னுவது), மாடியில் பவர் டேபிள் (மோட்டாரில் ஓடும் தையல் மெஷின்கள்), அதற்கு மேல் செக்கிங் என்று மூன்று கம்பெனி இருக்கும். தொழில் வரிக் கணக்கில் ஆபீஸ் ஸ்டாஃப் இருப்பார்கள். காண்ட்ராக்ட் டெய்லர் பெரும்பாலும் இருக்கமாட்டார். ஆகவே தெருத் தெருவாக நடந்து, மாடிப்படி ஏறித்தான் பட்டியலை முடிக்க வேண்டும். ஒவ்வொரு தொழிலிடத்துக்கும் வார்டு, தெரு, வரிவிதிப்பு எண், மாடி, வரிசை எண் சேர்த்து ஒரு நிலையான எண் கொடுங்கள். பெயரை வைத்துத் தொடர்ந்தால் ஏமாந்துபோவீர்கள். அதே மெஷின், அதே ஆட்கள், புது ஜிஎஸ்டி எண்ணில் புதுப் பெயர்ப்பலகை என்றால், ஏட்டில் ஒன்று மூடியது, ஒன்று திறந்தது என்று பதிவாகும்.

கேள்வியை எப்படிக் கேட்பது என்பதில்தான் பாதிக் கணக்கு கெடுகிறது. “உங்களிடம் எத்தனை பேர்?” என்றால் முதலாளி மெஷின் எண்ணிக்கையைச் சொல்வார், அல்லது ஆர்டர் குவிந்திருந்த மாதத்து எண்ணைச் சொல்வார். நம் ஊரில் சம்பளம் வாரக் கணக்கு. “போன சனிக்கிழமையோடு முடிந்த வாரத்தில், இந்த இடத்தில் வேலை செய்து சம்பளம் வாங்கியவர்கள் எத்தனை பேர்?” என்று கேளுங்கள். கூடவே அந்த வாரத்து மொத்த ஷிப்ட் எத்தனை என்றும் கேளுங்கள். நூறு பேர் ஆறு நாளும் ஒரு ஷிப்ட் பார்த்தால் 600. ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் 900. ஆள் கூடாமல் ஷிப்ட் மட்டும் கூடியிருந்தால் ஆர்டர் வந்திருக்கிறது, வேலைவாய்ப்பு வளரவில்லை. இந்த இரண்டு எண்ணையும் சேர்த்து வாங்காத கணக்கெடுப்பை நடத்தாமலே இருக்கலாம்.

காண்ட்ராக்டர் ஆட்கள் இரண்டு முறை எண்ணப்படுவார்கள். கம்பெனியும் 80 என்னும், காண்ட்ராக்டரும் 80 என்பார். விதி ஒன்றே: ஆள் எந்தக் கூரையின் கீழ் உட்கார்ந்து தைக்கிறாரோ, அங்கே எண்ணுங்கள். யார் சம்பளம் கொடுப்பது என்பது தனிக் கட்டம். வீட்டில் பிசிறு வெட்டும் பெண்களைக் கம்பெனிக் கணக்கில் சேர்க்காமல் தனிப் பத்தியில் எழுதுங்கள்.

மாதம் முக்கியம். தீபாவளி, பொங்கலுக்குத் தென்மாவட்டத்துக்காரர்கள் ஊருக்குப் போவார்கள்; ஹோலிக்கும் சத் பூஜைக்கும் வடமாநிலத்தவர்கள் போவார்கள். ஜூலை இரண்டாம் வாரம் பரவாயில்லை. எதைத் தேர்ந்தெடுத்தாலும் அடுத்த ஆண்டும் அதே வாரம்தான்.

முதலாளிகள் உண்மை சொல்வார்களா? 20 பேர் சேர்ந்தால் பி.எஃப்., 10 பேர் சேர்ந்தால் இ.எஸ்.ஐ. கட்டாயம். உங்களிடம் வந்து சேரும் படிவங்களில் 19உம் 9உம் குவிந்தால் அது பயத்தின் கணக்கு. வரி வசூலிப்பவரையே கணக்கெடுக்க அனுப்புவது இந்தப் பயத்தை இரட்டிப்பாக்கும், தயவுசெய்து செய்யாதீர்கள். 2008ஆம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம் உள்ளாட்சிகளுக்கும் பொருந்தும். அதன்படி புள்ளிவிவர அலுவலரை நியமிக்கலாம். வாங்கிய தகவலைப் புள்ளிவிவரம் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்றும் அச்சட்டம் சொல்கிறது. அந்த வரியைப் படிவத்தின் தலையிலேயே தமிழில் அச்சடியுங்கள். விற்றுமுதல், கூலி விகிதம், ஆட்களின் பெயர் எதுவும் கேட்க வேண்டாம். மூன்று யூனிட்டுக்குக் குறைவாக உள்ள தொழிலை வார்டு வாரியாக வெளியிட வேண்டாம்; யாருடைய எண் என்று தெரிந்துவிடும். இருபதில் ஒரு யூனிட்டுக்கு மேற்பார்வையாளர் மறுபடி போய், ஓடும் மெஷினை எண்ணி ஒப்பிடட்டும். (பதினொரு மணிக்கு எத்தனை டீ போகிறது என்று பேக்கரியில் கேட்டாலும் ஓரளவு தெரிந்துவிடும்.)

பூட்டிய கதவை மூடிய கம்பெனி என்று எழுதிவிடுவது சாதாரணமாக நடக்கும் தவறு. வெவ்வேறு நேரங்களில் மூன்று முறை போக வேண்டும். பூட்டியிருந்தது, மூடிவிட்டது, இடம் மாறியது, பதில் தர மறுத்தார் என நான்கு தனிக் குறியீடுகள் வேண்டும். பெருமாநல்லூர், அவிநாசி, பல்லடம் பக்கம் போன யூனிட் உங்கள் எல்லையில் இழப்புதான். ஆனாலும் அந்த ஆட்களின் வேலை போய்விடவில்லை. இடம் மாறியவற்றைத் தனியே காட்டாவிட்டால் இதை யாரும் பிரித்தறிய முடியாது.

கடைசியில் கழித்தல். உதாரணத்துக்கு ஒரு வார்டில் 1,200 பேர் 1,290 ஆனார்கள் என்று வையுங்கள். தொடர்ந்து இயங்கும் யூனிட்டுகளில் கூடியது 20, புதியவற்றில் 150. மூடியவற்றில் போனது 60, இடம் மாறியவற்றில் 20. நிகரம் 90. அந்தப் புதிய 150இல் 100 பேர் போன வருடமே வேலை செய்துகொண்டிருந்து, மாடி ஏறாததால் விடுபட்டவர்கள் என்றால், அந்த வார்டு வளரவில்லை. 10 பேரை இழந்திருக்கிறது. அதனால் ஒவ்வொரு புது யூனிட்டிலும் “இங்கே எந்த மாதம் தொடங்கினீர்கள்?” என்று கேட்பதைக் கட்டாயமாக்குங்கள். இந்தத் தவறு முதல் இரண்டு ஆண்டுகளில் அதிகம் நேரும்.

அறுபது வார்டிலும் ஒரேயடியாக இறங்க வேண்டாம். பவர் டேபிள் அடர்ந்த ஒரு வார்டு, கடைவீதி உள்ள ஒரு வார்டு என இரண்டில் ஒத்திகை பார்த்து, படிவத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு எண் வரும்போது அதை வளர்ச்சி என்று மேடையில் அறிவித்துவிடாதீர்கள். எதிலிருந்து கழிப்பது என்பதே அடுத்த ஜூலையில்தான் கிடைக்கும்.

இப்படிக்கு,
தொழில் கணக்கெடுப்புப் பணி அறிந்த சிலர்